பல்கலைக்கழக வளாகத்தில் தொற்றுநோய்: தொடர்புத் தடமறிதல் முதல் கடைசிப் பரிசோதனை வரை, ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் விடுதி அலுவலகம், துறை அலுவலகம், மாணவர் நலப் பிரிவு ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கும் மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் எழுதியது இது. ஒரு மாணவருக்குக் காசநோய் அல்லது தட்டம்மை என்று தெரிந்த அன்றே, மருத்துவர் அல்லாத பலர் வேலையில் இறங்க வேண்டியிருக்கிறது. புதியவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. வரிசையைத்தான் தவறவிடுகிறார்கள். "யாரோடெல்லாம் இருந்தாய்?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்டு இருநூறு பெயர்களைச் சேர்த்துவிட்டு, அதில் யாருக்கு உண்மையில் ஆபத்து என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

முதலில் என்ன நோய். அடுத்து எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது தொற்றும். பிறகு எந்தெந்த இடங்கள். அதற்குப் பிறகுதான் ஆட்கள், அதாவது நோயாளியோடு இருந்ததால் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய "தொடர்புகள்". கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையில்தான் போகிறது.

நோயைக் கண்டறிவது, மருந்து தருவது, தனிமைப்படுத்தும் உத்தரவு போடுவது ஆகியவை நம் வேலை அல்ல. தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் உத்தரவு போடும் அதிகாரம் அரசாங்கத்துக்கே உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தப் பொறுப்பைக் கவனிப்பது சுகாதார அமைச்சின்கீழ் உருவான சிடிஏ என்ற தொற்றுநோய்கள் அமைப்பு. வளாகத்தின் வேலை, அவர்களுக்குச் சரியான தகவலை வேகமாகக் கொடுப்பதும், மாணவர்களுக்குப் புரியும்படி சொல்வதும், சொன்னதைச் செய்ய அவர்களுக்கு வசதி செய்து தருவதும்.

1. நோயாளி வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். தகவல் அத்தனையும் இவர்கள் வழியாகவே போக வேண்டும். ஹால் (விடுதி) அலுவலகம் ஒரு பக்கம், துறை ஒரு பக்கம் என்று தனித்தனியாக விசாரித்தால் ஒரே மாணவருக்கு மூன்று பேர் போன் செய்து மூன்று விதமாகச் சொல்வார்கள். நான்காவது அழைப்பை அவர் எடுக்கவே மாட்டார்.

அடுத்தது மூலப் பட்டியல்கள். அறை ஒதுக்கீடு, எந்தக் கழிப்பறையையும் சமையலறையையும் எந்த அறைகள் பகிர்கின்றன என்ற விவரம், பாடப் பதிவுப் பட்டியல், ஆய்வுக்கூட முன்பதிவு, இணைப்பாட நடவடிக்கைக் குழுக்களின் உறுப்பினர் பட்டியல். இவற்றை யாரிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தட்டம்மை உறுதியானால், திங்கள்வரை காத்திருக்க நேரம் இல்லை. காரணத்தை மூன்றாம் படியில் பார்க்கலாம்.

பாடப் பதிவுப் பட்டியல் வருகைப் பதிவு ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். முந்நூறு பேர் பதிந்த விரிவுரைக்கு எண்பது பேர்தான் நேரில் வந்திருப்பார்கள். மற்றவர்கள் ஒளிப்பதிவில் பார்த்திருப்பார்கள். பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் வராதவர்களைப் பயமுறுத்துவோம், வேறு பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்தவரைத் தவறவிடுவோம்.

இடங்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். எந்த அறை ஜன்னல் திறந்தது, எது மூடிய குளிரூட்டல், எவ்வளவு பெரியது. காற்றில் பரவும் நோய்களுக்கு இதுவே பாதி விடை. நம் ஊரில் டுட்டோரியல் அறைகளும் படிப்பறைகளும் பெரும்பாலும் மூடியவை. மின்விசிறி மட்டும் உள்ள, இரு பக்கமும் ஜன்னல் திறந்த பழைய ஹால் அறை வேறு வகை.

பொருள்களில் அதிகம் வேண்டாம்: தனிக் கழிப்பறை உள்ள காலி அறை குறைந்தது ஒன்று, வெப்பமானிகள், மருத்துவ முகக்கவசங்கள், ஊழியர்களுக்கு என்95, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ப்ளீச், கையுறை. பருவம் தொடங்கும் ஆகஸ்ட்டிலும் ஜனவரியிலும் இவற்றைச் சரிபாருங்கள். காலி அறையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விடுதியில் இடம் பற்றாக்குறை என்று அதை ஒதுக்கிவிட்டால், தேவைப்படும் இரவில் நோயாளி அதே அறையில் அறைத்தோழரோடு கிடப்பார்.

2. நோய் எது, எந்த அளவுக்கு உறுதி

யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னதை வைத்துத் தொடங்காதீர்கள். நோயாளியிடமோ அவரது சம்மதத்துடன் மருத்துவரிடமோ மூன்றைக் கேளுங்கள்: நோயின் பெயர், அது ஆய்வுக்கூட முடிவா மருத்துவரின் சந்தேகமா, அரசுக்கு அறிவித்தாகிவிட்டதா. காசநோய், தட்டம்மை, மூளை உறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் போன்றவற்றை மருத்துவரும் ஆய்வுக்கூடமும் சட்டப்படி அறிவித்தாக வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டால் தடமறிதலை அதிகாரிகள் வழிநடத்துவார்கள். நாம் இணையாக இன்னொரு விசாரணை நடத்தக் கூடாது; கீழே உள்ள படிகளை அவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

காசநோய்க்கு ஆய்வுக்கூட முடிவு வரும்வரை காத்திருக்கலாம். சில நாள் தாமதத்தால் எதுவும் மாறாது. தட்டம்மைக்கும் மெனிங்கோகாக்கஸுக்கும் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் வலுவாகச் சந்தேகித்தாலே பட்டியல் தயாரிப்பைத் தொடங்குங்கள்.

வீட்டிலோ மாணவரோ "அம்மை போட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். நீர் கோத்த கொப்புளமா, அல்லது காய்ச்சல், இருமல், கண் சிவப்புக்குப் பின் முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் சிவந்த தடிப்பா? முன்னது சின்னம்மையாக இருக்கலாம், பின்னது தட்டம்மை. இரண்டுக்கும் நாள் கணக்கு வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

டெங்கி என்றால் தொடர்புப் பட்டியலே வேண்டாம். அது ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது. அங்கே தேட வேண்டியது தேங்கிய தண்ணீரை: ஏசி தட்டு, பூந்தொட்டித் தட்டு, துணி காயும் மூங்கில் கம்பு செருகும் குழாய், மாதக்கணக்கில் யாரும் திறக்காத கழிப்பறை.

3. தொற்றும் காலத்தைத் தேதியாக எழுதுங்கள்

மிக அதிகமாகத் தவறு நடக்கும் படி இதுதான். நோய் உறுதியான தேதியையோ மருத்துவ விடுப்புச் சீட்டின் தேதியையோ தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு தொடங்குவது அறிகுறி தோன்றிய நாளிலிருந்து, பெரும்பாலான நோய்களுக்கு அதற்கும் முன்பிருந்து.

தட்டம்மை: தடிப்பு தோன்றிய நாளுக்கு 4 நாள் முன்பு முதல் 4 நாள் பின்பு வரை. சின்னம்மை: கொப்புளம் தோன்றுவதற்கு 2 நாள் முன்பு முதல் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை. பொன்னுக்கு வீங்கி: வீக்கத்துக்கு 2 நாள் முன்பு முதல் 5 நாள் பின்பு வரை. சளிக்காய்ச்சல்: ஒரு நாள் முன்பு முதல் சுமார் 5 முதல் 7 நாள். மெனிங்கோகாக்கஸ்: நோய் தொடங்குவதற்கு முந்தைய 7 நாள்களில் நெருங்கிப் பழகியவர்கள். காசநோய்: சளியில் கிருமி தெரிந்தால், வழக்கமாக இருமல் தொடங்கியதற்கு 3 மாதம் முன்பிலிருந்து கணக்கிடுவார்கள். இருமல் எப்போது தொடங்கியது என்று பலருக்குத் தெரியாது. "தேர்வுக்கு முன்பே இருந்ததா? தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இருமினாயா?" என்று நாள்காட்டியோடு சேர்த்துக் கேட்டால் விடை கிடைக்கும்.

தேதிகளை வைத்து ஓர் உதாரணம். ஒரு மாணவருக்குத் தட்டம்மைத் தடிப்பு மார்ச் 10 அன்று தோன்றியது. தொற்றும் காலம் மார்ச் 6 முதல் 14 வரை. அறைத்தோழர் 6ஆம் தேதியிலிருந்து, நோயாளி வேறு அறைக்கு மாறிய 11ஆம் தேதிவரை உடன் இருந்தார். தடுப்பாற்றல் இல்லாதவருக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான) தடுப்பூசி, முதல் தொடர்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கலாம். அறைத்தோழருக்கு அந்தக் கெடு 9ஆம் தேதியே, அதாவது தடிப்பு தோன்றும் முன்பே முடிந்துவிட்டது. அவருக்கு மிச்சம் இருப்பது இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்த எதிர்ப்பொருள்கள் கொண்ட மருந்து. அதன் கெடு 6 நாள், மார்ச் 12 வரை.

அதே நோயாளி 9ஆம் தேதி மாலை ஒரே ஒரு விரிவுரைக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு 12ஆம் தேதி மாலைவரை தடுப்பூசி பயன் தரும். ஆகவே ஒரே நோயாளியின் தொடர்புகளாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் கெடு வேறு. "எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல்" என்ற வழி இங்கேதான் தோற்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முதல் தொடர்பு நாள், கடைசித் தொடர்பு நாள் என்று இரண்டு தேதிகள் கட்டாயம் வேண்டும். முதல் நாளிலிருந்து தடுப்பூசிக் கெடு எண்ணப்படுகிறது, கடைசி நாளிலிருந்து கண்காணிப்பின் முடிவு எண்ணப்படுகிறது.

தடுப்பாற்றல் இல்லாத தொடர்பு ஒதுங்கி இருக்க வேண்டிய காலம் முதல் தொடர்புக்குப் பின் 5ஆம் நாள் முதல் கடைசித் தொடர்புக்குப் பின் 21ஆம் நாள் வரை. அறைத்தோழருக்கு அது மார்ச் 11 முதல் ஏப்ரல் 1. விரிவுரைக்கு வந்தவருக்கு மார்ச் 14 முதல் 30. இதை மனக்கணக்காகப் போடாதீர்கள். நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணி, இன்னொருவரையும் எண்ணச் சொல்லுங்கள்.

4. நோயாளியிடம் பேசுவது

நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். காய்ச்சலில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் எல்லாம் கேட்க முடியாது. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வது நல்லது. இரண்டாம் முறை பேசும்போது எப்போதும் புதிதாக இரண்டு மூன்று இடங்கள் நினைவுக்கு வரும். தமிழில் பேசினால் இலகுவாக உணர்கிறார் என்றால் தமிழிலேயே பேசுங்கள்.

முதல் வாக்கியம் உடல்நிலையைப் பற்றியதாக இருக்கட்டும். சாப்பிட்டாரா, யார் பார்த்துக்கொள்கிறார், வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா. பிறகு, "உங்கள் பெயரை நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்ற உறுதி. அதைச் சொல்லும் முன் காப்பாற்ற முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அறைத்தோழருக்கு எப்படியும் தெரிந்துவிடும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆட்களைக் கேட்காமல் நாளையும் இடத்தையும் கேளுங்கள். "திங்கள் காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பெயர்கள் தானாக வரும். "யாரோடு நெருக்கமாக இருந்தீர்கள்?" என்றால் நண்பர்களை மட்டும் சொல்வார். ஆய்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்ற, பெயர் தெரியாத மாணவி விடுபட்டுப் போவார்.

நினைவுக்கு உதவுபவை அவர் போனிலேயே இருக்கின்றன: சிம்ப்ளிகோ செயலியின் பேருந்து, ரயில் பயணப் பதிவு, கட்டணச் செயலிகளின் ரசீது, புகைப்படங்கள், கூகள் நாள்காட்டி. போனை வாங்கிப் பார்க்கக் கூடாது. அவரே பார்த்துச் சொல்லட்டும்.

மாணவர்கள் சொல்ல மறக்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். வாரயிறுதியில் வீட்டுக்குப் போனது, அங்கே பாட்டியும் அக்காவின் கைக்குழந்தையும் இருந்தது. பகுதிநேரமாகத் துணைப்பாடம் சொல்லித்தரும் வீடு. இரவு இரண்டு மணிவரை படித்த மூடிய படிப்பறை. தமிழ்ப் பேரவை நாடக ஒத்திகை. கோயிலில் அன்னதானம் பரிமாறியது. லிட்டில் இந்தியாவில் ஊர் நண்பர்கள் நாலு பேர் பகிர்ந்து எடுத்திருக்கும் வாடகை அறை. பருவத்தின் நடுவில் வரும் ரீசெஸ் விடுமுறை வாரத்தில் ஜொகூருக்கோ பாத்தாமுக்கோ போனது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

துணைப்பாட வேலையை மறைக்கப் பார்ப்பவர் உண்டு, வெளிநாட்டு மாணவராக இருந்தால் இன்னும் அதிகம். வேலை அனுமதி பற்றிய கவலை அது. இந்தப் பேச்சில் அதை விசாரிப்பது நம் வேலை இல்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தகவலை மறைப்பது குற்றம் என்று மிரட்டினால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். அந்த வீட்டில் தடுப்பூசி போடும் வயது வராத குழந்தை இருக்கலாம்.

5. யார் தொடர்பு: நோய் பரவும் வழிதான் தீர்மானிக்கும்

"இரண்டு மீட்டர், பதினைந்து நிமிடம்" என்ற கொவிட் காலத்து அளவுகோலை எல்லா நோய்க்கும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

தட்டம்மைக்குத் தூரம் பொருட்டே இல்லை. ஒரே மூடிய இடத்தின் காற்றைச் சுவாசித்தவர் தொடர்புதான். நோயாளி வெளியேறிய பிறகும் 2 மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். ஆகவே அடுத்த வகுப்புக்கு அதே அறைக்கு வந்தவர்களும் பட்டியலில் சேர்வார்கள். இந்த அடுத்த வகுப்பைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

காசநோய்க்கு எதிர்மாறு. இங்கே சேர்ந்திருந்த மொத்த நேரமும் இடத்தின் அளவும்தான் பேச்சு. வளாகப் பேருந்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர், உணவங்காடியில் அடுத்த மேசையில் சாப்பிட்டவர் ஆகியோரை முதல் சுற்றில் சேர்க்க வேண்டியதில்லை. அறைத்தோழர், காதலர், தினமும் ஒரே சிறிய ஆய்வு அறையில் உட்காரும் முதுநிலை மாணவர்கள், வாரம் இரண்டு முறை மூடிய அறையில் பாடும் குழு ஆகியோர் முதல் வட்டம். அவர்களைப் பரிசோதித்து, எதிர்பார்த்ததைவிடப் பலருக்குத் தொற்று இருந்தால்தான் அடுத்த வட்டத்துக்கு விரிக்க வேண்டும். முதல் நாளே துறை முழுவதையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால், வேறெங்கோ எப்போதோ தொற்றியவர்கள்தான் அதிகம் அகப்படுவார்கள். உண்மையில் ஆபத்தில் இருக்கும் அறைத்தோழர் வரிசையில் காத்திருப்பார்.

மெனிங்கோகாக்கஸுக்கு எச்சிலும் ஒரே வீடும். அறைத்தோழர், முத்தமிட்டவர், ஒரே குடியிருப்புத் தொகுதியில் தூங்குபவர். ஒரே விரிவுரை அரங்கு என்பது போதாது. ஆனால் நேரம் மிகக் குறைவு: நோய் வராமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கேள்விகளே வேறு. கடந்த 72 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார், எந்தக் கழிப்பறை. இங்கே நோய் வராதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதைப் பலர் உணர்வதில்லை. நோயுற்ற எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள் என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை, மற்றவர்களும் அதைச் சாப்பிட்டிருந்தால். சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது, சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்ற ஒப்பீடுதான் காரணத்தைக் காட்டும். மிச்ச உணவைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வெளியிலிருந்து வரவழைத்த உணவு என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் நேரச் சீட்டைப் படம் எடுங்கள். அதிகாரிகள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் கொவிட்டுக்கும் இன்று ஒவ்வொரு ஆளாகத் தடமறிவதில் பயனில்லை என்பதே எங்கள் கருத்து. ஒரே மாடியில் ஒரு வாரத்தில் பலருக்கு வந்தாலோ, தொடர்புகளில் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருந்தாலோ மட்டும் இறங்குங்கள்.

6. பட்டியலை எழுதும் விதம்

ஒருவருக்கு ஒரு வரி. பெயர், மாணவர் எண், தொலைபேசி, எந்த இடத்தில் தொடர்பு, முதல் நாள், கடைசி நாள், மொத்த நேரம், தடுப்பூசி விவரம், சொன்ன தேதி, சொன்னவர், அடுத்து என்ன. அடையாள அட்டை எண்ணைச் சேர்க்காதீர்கள். அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டால் பதிவாளர் அலுவலகம் நேரே கொடுக்கும்.

நோயாளியின் பெயர் இந்தக் கோப்பில் எங்கும் இருக்கக் கூடாது. ஒரு குறியீடு போதும். கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாமல், அனுமதி பெற்ற சிலர் மட்டும் திறக்கக்கூடிய ஒரே இடத்தில் வையுங்கள். பிரதிகள் பெருகினால் எந்தப் பிரதி சரி என்பதும் தெரியாது, எது எங்கே கசிந்தது என்பதும் தெரியாது.

"கர்ப்பமாக இருக்கிறீர்களா, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா, வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை உண்டா" ஆகியவற்றைத் தனியாக, போனில் மட்டும் கேளுங்கள். "இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் ஆம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றால் போதும். எது என்பதை அவர் மருத்துவரிடம் சொல்லிக்கொள்வார்.

7. தொடர்புகளுக்குச் சொல்வது

கெடு முதலில் முடிபவருக்கு முதல் அழைப்பு. அடுத்து மேற்சொன்ன மூன்றில் ஒன்று பொருந்துபவர்கள். பிறகு அறைத்தோழர்கள், பிறகு வகுப்பு. நெருங்கிய தொடர்புகளுக்குப் போன் செய்து, அதன்பின் எழுத்தில் அனுப்புங்கள். பயத்தில் கேட்டவர் பாதியை மறந்துவிடுவார், எழுத்து அப்போது கைகொடுக்கும். பொது அறிவிப்பு கடைசியில். அது முந்திக்கொண்டால் அறைத்தோழர் தன் செய்தியை ஹால் டெலிகிராம் குழுவில் படித்துத் தெரிந்துகொள்வார்.

எழுதும் செய்தியில் வரிசை இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசைதான்:

"மார்ச் 9 மாலை 4 முதல் 6 மணிவரை நீங்கள் இருந்த விரிவுரை அரங்கில் தட்டம்மை உள்ள ஒருவர் இருந்தார். நீங்கள் எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு முறை போட்டிருந்தால் ஆபத்து மிகக் குறைவு, வழக்கம்போல வகுப்புக்கு வரலாம். போடவில்லை அல்லது தெரியவில்லை என்றால் மார்ச் 12 மாலை 4 மணிக்குள் பல்கலைக்கழக மருந்தகத்துக்கு வாருங்கள்; அதற்குப் பின் போடும் தடுப்பூசி இந்தத் தொற்றைத் தடுக்காமல் போகலாம். மார்ச் 30 வரை காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, தடிப்பு ஏதாவது வந்தால் முகக்கவசம் அணிந்து அறையிலேயே இருந்து எங்களை அழையுங்கள். நேராக மருந்தகத்துக்குள் வந்துவிட வேண்டாம்."

நாள், இடம், அவர் செய்ய வேண்டியது, கெடு, என்ன வந்தால் யாரை அழைப்பது. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நோயாளியின் பாலினம், துறை, நாடு எதையும் குறிப்பிடாதீர்கள். "இந்தியாவிலிருந்து அண்மையில் திரும்பிய முதுநிலை மாணவர்" என்று எழுதினால் பெயரையே எழுதியதற்குச் சமம். தமிழ் மாணவர் வட்டம் சிறியது; அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். "பீதி அடைய வேண்டாம்" என்ற வரியையும் தவிர்த்துவிடுங்கள். அதைப் படித்த பிறகுதான் பலருக்குப் பீதி தொடங்குகிறது.

8. நோய்வாரியாகக் கொடுக்க வேண்டிய அறிவுரை

காசநோய்த் தொடர்புகள் அறிகுறி இல்லாதவரை வகுப்புக்கு வரலாம், விடுதியில் இருக்கலாம், அவர்களைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. தொற்று இருக்கிறதா என்று பார்க்க இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை. பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் அதன் முடிவு பாதிக்கப்படாது. தோலில் போடும் பழைய சோதனை பிசிஜியால் தவறாக நேர்மறை காட்டக்கூடும்.

தொற்றிய உடனே சோதனையில் தெரியாது. முதல் முடிவு எதிர்மறை என்றாலும் கடைசித் தொடர்புக்குப் பின் 8 முதல் 10 வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். "எனக்கு இல்லை என்று வந்துவிட்டதே" என்று இரண்டாம் முறைக்கு வராமல் இருப்பதுதான் மிகப் பெரிய ஓட்டை. மாணவர் அனுமதிச் சீட்டுக்காக எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்பதும் விடை ஆகாது. கிருமி உடலில் செயலற்றுக் கிடக்கும் உறங்கும் தொற்று எக்ஸ்ரேயில் தெரியாது.

நேர்மறை வந்தவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். உறங்கும் தொற்று நோய் அல்ல, அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. மருந்து எடுக்காவிட்டால் வாழ்நாளில் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அது நோயாக மாறும். மருந்து அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்தைக் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும். மருத்துவர் கேட்டாலும் கூச்சத்தில் சொல்லாமல் விடும் மாணவிகளுக்கு இந்தத் தகவல் எழுத்தில் இருப்பது உதவும்.

நோயாளியைப் பற்றி விடுதியில் எழும் கேள்வி, எப்போது திரும்பி வரலாம் என்பது. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால் ஏறக்குறைய இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பின் பொதுவாகத் தொற்றாது. ஆனால் தேதியைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர், அறைத்தோழரின் பெற்றோர் அல்ல. சிகிச்சை வழக்கமாகக் குறைந்தது 6 மாதம். மருந்தகத்தில் தாதியின் கண்முன் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தால் காலை எட்டு மணி வகுப்பு அவருக்கு முடியாது. கால அட்டவணையை மாற்றிக் கொடுப்பதுதான் வளாகம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

தட்டம்மைத் தொடர்புகளில் இரண்டு தடுப்பூசி போட்டவர்கள் வழக்கம்போல இருக்கலாம். சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் என்பதால் ஆவணம் எளிதாகக் கிடைக்கும். வெளிநாட்டு மாணவர்கள் பலரிடம் ஆவணம் இருக்காது, நினைவு மட்டும் இருக்கும். நினைவை ஆதாரமாக எடுக்காமல் ரத்தப் பரிசோதனைக்கோ தடுப்பூசிக்கோ அனுப்புங்கள். கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆர் போடக் கூடாது, அவர்களை உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். காசநோய்த் தொடர்பாகவும் இருப்பவருக்கு ஒரு நுணுக்கம்: இக்ரா ரத்தத்தை எம்எம்ஆர் போடும் அன்றே எடுங்கள், அல்லது நான்கு வாரம் கழித்து எடுங்கள். நடுவில் எடுத்தால் முடிவு தவறலாம்.

சின்னம்மைத் தொடர்புகளில் முன்பு நோய் வந்தவரும் தடுப்பூசி போட்டவரும் கவலைப்பட வேண்டாம். மற்றவர்களுக்குத் தடுப்பூசி 3 நாளுக்குள் சிறந்தது, 5 நாள்வரை பயன் உண்டு. தொடர்புக்குப் பின் 8 முதல் 21ஆம் நாள்வரை கவனம் தேவை. அக்கி உள்ளவரின் கொப்புளத்திலிருந்தும் சின்னம்மை வரலாம்.

மெனிங்கோகாக்கஸ் தொடர்புக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: இன்றே மருந்து. மருந்து சாப்பிட்ட பிறகும் கடும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம், கண்ணாடித் தம்ளரை அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995.

9. விடுதிக்குள் ஒதுங்கியிருக்கும் ஏற்பாடு

"அறையை விட்டு வெளியே வராதே" என்று சொல்வது எளிது. சாப்பாடு, தண்ணீர், துணி, மருந்து, இணைய வகுப்பு, தேர்வு எல்லாம் யார் பொறுப்பு என்று எழுதப்படாவிட்டால் இரண்டாம் நாள் இரவு அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு கேண்டீனுக்கு இறங்குவார். அவர்மேல் குற்றம் இல்லை. சைவமா, ஹலாலா, நோன்பு காலமா என்று முதல் நாளே கேளுங்கள். தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அறிகுறியை மறைப்பவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண்ணுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள்.

காற்றில் பரவும் நோய் என்றால் கதவு மூடி, வெளி ஜன்னல் திறந்து. தாழ்வாரப் பக்க ஜன்னலைத் திறந்தால் காற்று மாடி முழுவதும் போகும். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டால், தொற்றும் காலத்தில் விமானம் ஏறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு நோய்க்குத் தனிக் கழிப்பறைதான் முக்கியம், அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம். நோரோவைரஸுக்குக் கைச்சுத்திகரிப்பான் போதாது. சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். வாந்தியை முதலில் காகிதத்தால் முழுவதும் எடுத்துவிட்டுத்தான் ப்ளீச் ஊற்ற வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் வீரியம் போய்விடும். 5 விழுக்காடு ப்ளீச் 20 மில்லியைத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). சாதாரணப் பரப்புகளுக்கு அது. வாந்தி கிடந்த இடத்துக்கு 100 மில்லி, அதாவது 5,000 பிபிஎம். பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும். கழிப்பறை அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும். துப்புரவு ஊழியர்களில் தமிழும் வங்காளமும் பேசுபவர்கள் பலர்; இந்த அளவுகளை அவர்கள் மொழியில் வாளியின் மேலேயே ஒட்டுங்கள்.

10. பின்தொடர்வதும் முடிப்பதும்

கண்காணிப்புக் காலத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி: வெப்பநிலை, அறிகுறி உண்டா. பதில் வராதவரைப் போனில் பிடியுங்கள். இரண்டு நாள் பதில் இல்லை என்றால் யாராவது நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தனியாகக் கிடப்பவருக்கு நோய் முற்றியிருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம்.

தொடர்பு ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் அவர் புதிய நோயாளி. மூன்றாம் படியிலிருந்து அவருக்கான தேதிகளைப் புதிதாகப் போடுங்கள். பழைய பட்டியலிலேயே ஒட்டுப்போடாதீர்கள், தேதிகள் குழம்பிவிடும்.

தட்டம்மைத் தொடர் முடிந்துவிட்டது என்று சொல்ல வழக்கமாக, கடைசி நோயாளிக்குப் பின் நோயரும்பு காலத்தின் (தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற அதிகபட்சம் ஆகும் 21 நாளின்) இரு மடங்கு, 42 நாள், புதிதாக யாருக்கும் வராமல் இருக்க வேண்டும். காசநோய்க் கோப்பு இரண்டாம் ரத்தப் பரிசோதனையின் எல்லா முடிவுகளும் வரும்வரை திறந்திருக்கும். அந்த 8 முதல் 10 வாரத்துக்குள் பருவம் முடிந்து மாணவர்கள் பயிற்சி வேலைக்கும் மாணவர் பரிமாற்றத்துக்கும் சொந்த ஊருக்கும் போய்விடுவார்கள். ஆகவே முதல் பரிசோதனை அன்றே வேறு மின்னஞ்சல் முகவரியும் ஊர் தொலைபேசி எண்ணும் வாங்குங்கள். ஊருக்குப் போகிறவர் கையில் தொடர்பு நாள், முதல் முடிவு, அடுத்த சோதனைக்கான தேதி ஆகியவை உள்ள கடிதம் கொடுங்கள். மதுரையிலோ கொழும்பிலோ இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்துத் தொடர முடியும்.

கடைசி முடிவு வந்ததும், அதிகாரிகளுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் தரவு விதிகள் சொல்லும் நாளில் பட்டியலை அழித்துவிடுங்கள். போன்களில் எடுத்த திரைப்பிடிப்புகளும் (ஸ்கிரீன்ஷாட்) வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்களும் அதில் அடக்கம்.